கழுத்துல எதுக்குங்க ஊசி? உள் ஜுகுலர் வெயின் பத்தி கொஞ்சம் விளக்கமா

கோயமுத்தூர் அவினாசி ரோட்டுலயோ ஈரோடு பெருந்துறை ரோட்டுலயோ ஏதாச்சும் ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஐசியூ வாசல்ல சித்த நேரம் நின்னீங்கன்னா இந்தப் பேச்சு காதுல விழாம இருக்காது. டூட்டி டாக்டர் ஒரு ஃபாரத்தோட வெளிய வருவாரு, "கழுத்துல ஒரு லைன் போடணுமுங்க, இங்க கையெழுத்து போடுங்க"ம்பாரு. "ஏனுங்க சார், எங்கய்யனுக்குக் கைல தான் ஏற்கனவே ஊசி போட்டிருக்குதுங்களே, அப்புறம் கழுத்துல எதுக்குங்க"ன்னு மகன் கேப்பாரு. அதுக்குள்ள பின்னாடி நிக்கற ஒறம்பரைல யாராச்சும் ஒருத்தர் "கழுத்துல ஊசி போட்டா அவ்வளவுதான், ஆள் தேறறது கஷ்டம்"னு ஒரு குண்டத் தூக்கிப் போட்டிருப்பாங்க. டாக்டருக்கு நேரமில்லை, "அவசியமுங்க"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டு உள்ள போயிருவாரு. அந்த மகனுக்கு நின்னு நிதானமா பதில் சொல்லணும்னா எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுத்தான் இதை எழுதறேன். அந்த ஒறம்பரை சொன்னதுக்கு மட்டும் இப்பவே பதில் சொல்லிடறேன், கழுத்து லைன், அதாவது கழுத்து ரத்தக்குழாய் வழியா உள்ள விடற டியூப், போடறதே நெம்ப சீரியஸா இருக்கறவங்களுக்குத் தான், அவங்கள்ல சிலர் தேறாமப் போறது நோயால, பழி மட்டும் லைன் மேல விழுந்துருது.

விஷயம் என்னன்னா, கழுத்துல ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணா ஓடற இந்த உள் ஜுகுலர் வெயின் மூளைல இருந்து இதயத்துக்கு ரத்தம் நேரா எறங்கற வழி, நடுவுல தடுப்புன்னு பெருசா ஒண்ணும் கெடையாது. டாக்டர் கழுத்தப் பாத்தே இதயத்தோட நெலமைய சொல்றது, மருந்த நேரா இதயத்துக்கிட்ட கொண்டு போறது, கவனக்குறைவா இருந்தா காத்தும் கிருமியும் அதே வழில உள்ள போறதுன்னு எல்லாமே இந்த ஒரு சங்கதில இருந்து தான் வருது.

மொதல்ல அது எங்க இருக்குதுன்னு பாத்துருவோம். மூளைய மூடியிருக்கற கெட்டியான உறைக்குள்ள ரத்தம் சேர்ற பாதைங்க இருக்கு, அதுக்குப் பேரு சைனஸ், மூக்கடைச்சுக்கிட்டா நாம சொல்ற சைனஸ் வேற, இது வேற. மூளைல வேலை முடிஞ்சு ஆக்சிஜன் கொறஞ்ச ரத்தம் இதுங்க வழியா பின் மண்டைக்கு வந்து, காதுக்குப் பின்பக்கமா சிக்மாய்ட் சைனஸ்னு வளைஞ்சு எறங்கி, மண்டையோட்டு அடியில ஜுகுலர் ஃபொராமென்ங்கற ஓட்டை வழியா வெளிய வருது. வெளிய வந்த நொடியில இருந்து அதுக்குப் பேரு உள் ஜுகுலர் வெயின். அந்த ஓட்டைல 9, 10, 11ஆவது மூளை நரம்புங்களும் கூடவே வெளிய வருது, அதனால அந்த எடத்துல கட்டி கிட்டி வந்தா கொரல் கம்மிப் போறது, முழுங்கறதுக்கு செரமம், தோளத் தூக்க முடியாம போறதுன்னு சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியற தொந்தரவெல்லாம் ஒண்ணா வந்து நிக்கும்.

அங்கிருந்து கீழ எறங்கறப்ப அது தனியா எறங்கறதில்லைங்க. மூளைக்கு நல்ல ரத்தத்தைக் கொண்டு போற கரோட்டிட் ஆர்ட்டரி உள்பக்கமா, இந்த வெயின் வெளிப்பக்கமா, ரெண்டுக்கும் நடுவுல பின்னால வேகஸ் நரம்பு, இப்படி மூணும் ஒரே உறைக்குள்ள வரும். இந்தப் பக்கத்து வீட்டு உறவத் தான் ஊசி போடற டாக்டர் எந்நேரமும் மனசுல வச்சிருக்கணும், ஒரு சென்டிமீட்டர் அக்கட்ட இக்கட்ட போனா குத்தறது ஆர்ட்டரிய. வழில மூஞ்சி, நாக்கு, தொண்டை, தைராய்டுன்னு ஒவ்வொரு எடத்துல இருந்தும் கிளை வந்து சேர்ந்துக்கிட்டே இருக்கும். காதுக்குப் பின்னால இருந்து நெஞ்சுக் குழிய நோக்கி சாய்வா எறங்கற ஒரு தடிச்ச தசை இருக்குதல்ல, தலைய ஒரு பக்கம் திருப்பினா எதிர்ப்பக்கம் எழும்பித் தெரியுமே, அதுக்கு அடியில தான் பெரும்பாலும் ஓடுது. அந்தத் தசை கீழ வரும்போது ரெண்டாப் பிரிஞ்சு ஒரு பிரிவு மார்பெலும்புலயும் இன்னொண்ணு காறை எலும்புலயும் போய் ஒட்டும், நடுவுல ஒரு சின்ன முக்கோணப் பள்ளம், அந்தப் பள்ளத்துக்கு நேர் கீழ தான் நம்ம ஆள். அப்புறம் காறை எலும்புக்குப் பின்னால கைல இருந்து வர்ற சப்கிளேவியன் வெயினோட சேர்ந்து, பெரிய வெயினா மாறி, இதயத்தோட வலது மேலறைக்குப் போய்ச் சேர்ந்துரும்.

கோயில் நோம்பில உடுக்கை அடிச்சுப் பாடறவர் உச்சஸ்தாயில இழுக்கும்போதும், மூட்டை தூக்கறவர் தம் கட்டும்போதும் கழுத்துல பொடைச்சுக்கிட்டு ஒண்ணு தெரியும் பாருங்க, எல்லாரும் "கழுத்து நரம்பு"ங்கறோமே, அது இது இல்லைங்க. அது வெளி ஜுகுலர் வெயின், தோலுக்கு அடியிலயே ஓடறது. உள் வெயின் கண்ணுக்கு நேரா தெரியாது, அதோட துடிப்பு மட்டும் தசைக்கு மேல மெல்ல அலையாட்டம் தெரியும், அதுவும் பாக்கத் தெரிஞ்சவங்களுக்கு.

ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருக்காது. பெரும்பாலானவங்களுக்கு வலது தான் பெருசு, ஏன்னா மூளையோட நடு உச்சில ஓடற பெரிய சைனஸ் அனேகமா வலது பக்கமாத் தான் திரும்பி எறங்குது. போதாக்கொறைக்கு வலது பக்கம் இதயத்துக்குப் போற பாதை கிட்டத்தட்ட நேர்கோடு, காறை எலும்புக்குப் பின்னால இருக்கற இணைப்பு வெயின் வலது பக்கம் சுமார் 2.5 செ.மீ. தான், இடது பக்கம் அது 6 செ.மீ. நீளம், குறுக்கால வளைஞ்சு போகணும். இடது பக்கம் இன்னொரு சிக்கல், சாப்பாட்டுல இருந்து வர்ற கொழுப்பயும் ஒடம்புல மிஞ்சற நிணநீரயும் சுமந்துக்கிட்டு வர்ற தொராசிக் டக்ட் அங்க தான் வந்து சேருது, அதக் குத்திட்டா பால் மாதிரி தண்ணி ஒழுகும். அதனால தான் லைன் போடணும்னாலும் சரி, கண்ணால பாத்து அழுத்தம் சொல்லணும்னாலும் சரி, மொத ஓட்டு வலது பக்கத்துக்கு.

இங்க ஒரு விஷயத்த சொல்லாம நகர முடியாது, எம்ஆர்ஐ ரிப்போர்ட்டுல "இடது ட்ரான்ஸ்வர்ஸ் சைனஸ் சிறுத்திருக்குது, இடது ஜுகுலர் சின்னதா இருக்குது"ன்னு, அதாவது பின் மண்டைல குறுக்கா ஓடற சைனஸும் கழுத்து வெயினும் சின்னதுன்னு, ஒரு வரி பாத்துட்டு ராத்திரி பூரா தூங்காம கெடக்கறவங்க எச்சு. பெரும்பாலும் அது பொறப்புலயே அப்படித் தாங்க, ஒரு கை நீளம் இன்னொரு கைய விட ஒரு நூல் கம்மியா இருக்கற கணக்கு. இத்தாலில பாவ்லோ ஸம்போனின்னு ஒரு டாக்டர், மூளை, தண்டுவட நரம்புங்களோட உறை கெட்டுப் போற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்குக் காரணமே கழுத்து வெயின் சுருங்கிப் போறது தான், பலூன் வச்சு விரிச்சா சரியாகும்னு 2009 வாக்குல சொன்னதும் உலகம் பூரா ஜனங்க காசக் கொட்டிக்கிட்டு ஓடுனாங்க. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2012ல எச்சரிக்கை விட்டுச்சு, கடைசில அவரே முன்ன நின்னு நடத்துன ஆராய்ச்சில பலூன் போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் வித்தியாசமே இல்லைன்னு வந்திருச்சு. ஸ்கேன்ல சுருக்கமாத் தெரியறதெல்லாம் நோயாகாதுங்கறதுக்கு இதை விட செலவு புடிச்ச பாடம் இல்லை.

சரி, அடுத்தது. படுத்திருக்கும்போது இந்த வெயின் நல்லா விரிஞ்சு இருக்கும், மூளை ரத்தத்துல பெரும்பங்கு இது வழியாத் தான் எறங்கும். எந்திரிச்சு நின்னா புவியீர்ப்புல ரத்தம் கீழ இழுபட்டு வெயின் அமுங்கி ஒட்டிக்கும், அப்ப முதுகெலும்பச் சுத்தியிருக்கற வெயின் வலை தான் வேலையப் பாக்கும். அப்படின்னா புவியீர்ப்பே இல்லாத எடத்துல என்ன ஆகும்? விண்வெளி நிலையத்துல இருந்த 11 பேரோட கழுத்த ஸ்கேன் பண்ணி 2019ல வெளியிட்டாங்க, 6 பேருக்கு இடது ஜுகுலர்ல ரத்தம் தேங்கியோ பின்னோக்கியோ போய்க்கிட்டு இருந்திருக்குது, ஒருத்தருக்கு ரத்தக்கட்டியே உண்டாயிருச்சு. அவருக்கு நோய் அறிகுறின்னு ஒண்ணும் இல்லை, ஆராய்ச்சிக்காக எடுத்த ஸ்கேன்ல மாட்டுனது. மேல இருந்த ரத்தம் உறையாத ஊசி மருந்த சிக்கனமா ஓட்டி, அப்புறம் சரக்குக் கப்பல்ல மாத்திரை அனுப்பி வச்சு சமாளிச்சாங்க, பூமிக்கு எறங்குன பத்து நாள்ல கட்டி காணாமப் போயிருச்சு.

இப்ப டாக்டர் கழுத்தப் பாக்கற கதைக்கு வருவோம், எனக்குப் புடிச்ச பகுதியும் இது தான். வீடு கட்டற எடத்துல மேஸ்திரி ஒரு டியூப்ல தண்ணி ஊத்தி ரெண்டு முனையயும் ரெண்டு தூண்ல வச்சு மட்டம் பாப்பாரு, ஒரு முனைல தண்ணி எங்க நிக்குதோ அதே உசரத்துல தான் இன்னொரு முனைலயும் நிக்கும். வலது ஜுகுலரும் அப்படித் தான், கீழ் முனை இதயத்தோட வலது மேலறைல இருக்குது, மேல் முனை கழுத்துல, அங்க ரத்தம் எந்த உசரத்துல நிக்குதுன்னு பாத்தா கீழ அழுத்தம் எவ்வளவுன்னு தெரிஞ்சுரும். வெயினோட அடில ஒரு சின்ன வால்வு இருக்குது, ஆனா அது சும்மா இருமும்போது, முக்கும்போது பின்னால தள்ளற ரத்தத்தத் தான் கொஞ்சம் தடுக்கும், மட்டத்தக் கெடுக்காது. ஆள 45 டிகிரி சாய்வுல படுக்க வச்சு, தலைய லேசா எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லி, மார்பெலும்புல மேல ஒரு மேடு தட்டுப்படும், அந்த மேட்டுல இருந்து துடிப்பு தெரியற உச்சி வரைக்கும் செங்குத்தா எத்தனை செ.மீ.ன்னு அளப்பாங்க. 3 செ.மீ. வரைக்கும் சரி. அந்த மேட்டுக்குக் கீழ இதய அறை சுமார் 5 செ.மீ. ஆழத்துல இருக்குதுன்னு வச்சுக்கிட்டு ரெண்டையும் கூட்டிக்குவாங்க. இந்த அளவு முறைய 1930ல சொன்னது லண்டன் டாக்டர் தாமஸ் லூயிஸ். ஒரு ஸ்கேலும் பொறுமையும் போதும், செலவே கெடையாது, ஆனா இப்ப எல்லாரும் நேரா எக்கோங்கற இதய ஸ்கேனுக்கு எழுதிக் குடுத்திடறாங்க, எக்கோ வேண்டாம்னு சொல்லலைங்க, அதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் கழுத்தப் பாத்தா என்ன கொறைஞ்சு போகுதுன்னு தான் கேக்கறேன்.

பக்கத்துலயே கரோட்டிட்டும் துடிக்குமே, எது எதுன்னு எப்படித் தெரியும்னா, கரோட்டிட் ஒரு துடிப்புக்கு ஒரு அடி, விரல் வச்சா முட்டும். ஜுகுலர் ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவை மெல்ல அலையும், விரல் வச்சா தட்டுப்படாது, அடில லேசா அழுத்துனா மறைஞ்சிரும், மூச்ச உள்ள இழுத்தா எறங்கும், எந்திரிச்சு உக்காந்தா எறங்கும். அந்த ரெண்டு அலைல மொதல் அலை மேலறை சுருங்கும்போது வர்றது, ரெண்டாவது அலை மேலறைல ரத்தம் நெறையும்போது வர்றது. மேலறை ஒழுங்கா சுருங்காம சும்மா நடுங்கிக்கிட்டு இருந்தா, அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்ல, மொதல் அலையே காணாமப் போயிரும். இதயத்தோட மின்சாரம் அறுந்து மேலறை ஒரு தாளம் கீழறை ஒரு தாளம்னு போனா, மூடுன வால்வு மேல மேலறை முட்டி கழுத்துல திடீர் திடீர்னு பெரிய அலை எழும்பும், அதுக்குப் பேரே பீரங்கி அலை.

இந்த அலைங்கள எல்லாம் காகிதத்துல வரைஞ்சு காட்டுனவரு ஜேம்ஸ் மெக்கன்ஸி. பெரிய யுனிவர்சிட்டி ஆள் இல்லை, இங்கிலாந்துல பர்ன்லிங்கற பஞ்சாலை ஊர்ல குடும்ப டாக்டரா இருந்தவரு, பாலிகிராஃப்னு ஒரு கருவிய செஞ்சு நோயாளிங்களோட கழுத்துலயும் மணிக்கட்டுலயும் ஒரே நேரத்துல வச்சு வருசக்கணக்கா பதிவு எடுத்தாரு. தறிச்சத்தத்துக்கு நடுவுல நின்னு வேலை பாத்த ஜனங்களோட இதயத்தக் கவனிச்சுக் கத்துக்கிட்டதுன்னு தெரிஞ்சதும் எனக்கு நம்ம விசைத்தறி ஊருங்க சோமனூர், பல்லடம் ஞாபகம் தான் வந்துச்சு. தறின்னதும் இன்னொண்ணு, பவர்லூம்ல காலம் பூரா வேலை பாத்தவங்களுக்குக் காதுல இரைச்சல் கேக்கறது சகஜம், அது சத்தத்தால வர்றது. ஆனா அந்த இரைச்சல் நாடித் துடிப்போட தாளத்துலயே உஸ் உஸ்னு வந்து, கழுத்த லேசா அழுத்துனா நின்னு போச்சுன்னா அது வேற கணக்கு, காதுக்கு ஒட்டுனாப்புல ஓடற இந்த வெயின் பக்கத்து சமாச்சாரமா இருக்கலாம், காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட அதைத் தெளிவா சொல்லணும். நீங்களா கழுத்த அழுத்தி அழுத்திப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க, பக்கத்துல கரோட்டிட் இருக்குது.

மட்டம் ஏறியிருந்தா என்ன அர்த்தம்? இதயத்தோட வலது பக்கம் வர்ற ரத்தத்த வாங்க முடியாம தவிக்குதுன்னு அர்த்தம். இதயம் பலவீனமானது, வால்வு ஒழுகறது, நுரையீரல் அழுத்தம் ஏறுனது, இதயத்தச் சுத்தி நீர் கோத்தது, எதுவாவும் இருக்கலாம். சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சல்ல வால்வு கெட்டுப்போயி, வயசான பின்னாடி காலும் வயிறும் வீங்கி வர்ற அம்மாங்க கழுத்துல காதுமடல் வரைக்கும் அலை அடிக்கறத நம்ம ஜி.ஹெச்.கள்ல இன்னைக்கும் பாக்கலாம், சிலருக்கு காதுமடலே அசையும். வயித்துல கைய வச்சு பத்து நொடி நிதானமா அழுத்திக்கிட்டே கழுத்தப் பாக்கறதும் உண்டு, ஏறுன மட்டம் எறங்காம அப்படியே நின்னா இதயம் திணறுதுன்னு தெரிஞ்சுக்கலாம்.

மூச்ச இழுத்தா மட்டம் எறங்கணும்னு சொன்னேன். சிலருக்கு நேர்மாறா ஏறும். 1873ல அடால்ஃப் குஸ்மால்ங்கற ஜெர்மன் டாக்டர் இதை எழுதி வச்சாரு, இன்னைக்கும் அவர் பேர்ல தான் சொல்றாங்க. இதயத்த மூடியிருக்கற உறை தடிச்சு, சுண்ணாம்பு படிஞ்சு இறுகிப் போச்சுன்னா இப்படி ஆகும், நம்ம நாட்டுல அதுக்கு முக்கியமான காரணம் டிபி. பெருந்துறைல இன்னைக்கு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கற எடம் ஒரு காலத்துல டிபி சானடோரியம், பழைய ஆளுங்க இன்னமும் அந்த எடத்த சானடோரியம்னு தான் சொல்லுவாங்க. டிபின்னா இருமலும் நுரையீரலும் மட்டும் தான்னு நெனைச்சிக்கறோம். கால் வீக்கம், வயித்துல தண்ணின்னு வந்தவர ஈரல் கெட்டுப் போச்சு, குடியா இருக்கும்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி கழுத்தப் பாத்திருந்தா, தப்பு ஈரல்ல இல்லை, இதய உறைலன்னு புடிச்சிரலாம், ஏன்னா வெறும் ஈரல் நோய்ல கழுத்து மட்டம் இந்த அளவுக்கு ஏறாது. உறைய உரிச்சு எடுக்கற ஆபரேஷன் இருக்குது, காலம் தாழ்த்தாம பண்ணுனா ஆள் எந்திரிச்சு நடப்பாரு.

நம்மூர் மாட்டு டாக்டருங்களுக்கு இது புதுசே இல்லைங்க. கட்டுத்தரைல மாடு தீனி எடுக்காம, முதுகக் கூனிக்கிட்டு, மேட்டுல முன்னங்கால வச்சு நிக்குது, தாடைக்கு அடிலயும் முன்னங்காலுக்கு நடுவுல நெஞ்சுலயும் நீர் கோத்திருக்குதுன்னா, டாக்டர் மொதல்ல கழுத்துல கை வச்சுப் பாக்கற எடம் ஜுகுலர். விரல் தடிமனுக்குப் பொடைச்சு நிக்குதுன்னா "கம்பி முழுங்கியிருக்குதுங்க"ம்பாரு. தீவனத்தோட போன ஆணியோ கட்டுக் கம்பியோ ரெண்டாவது எரப்பைல தங்கிரும், அதுக்கும் இதயத்துக்கும் நடுவுல உதரவிதானம் மட்டும் தான், கம்பி அதத் துளைச்சு இதய உறைல போய் சீழ் புடிக்க வச்சிரும், இதயம் விரிய முடியாம ரத்தம் கழுத்துல தேங்கும். மனுசனுக்கு டிபி பண்ற வேலைய மாட்டுக்குக் கம்பி பண்ணுது. ஒரே வித்தியாசம், மாட்டுக்கு உள் ஜுகுலர் நெம்ப சின்னது, அங்க பெருசா தெரியறதும், கன்னு போட்டு கால்சியம் கொறைஞ்சு படுத்த மாட்டுக்கு பாட்டில் ஏத்தறதும் வெளி ஜுகுலர்ல.

இப்ப அந்த மகன் கேட்ட கேள்வி. கைல ஊசி இருக்கும்போது கழுத்துல எதுக்கு? கைல இருக்கறது சின்ன வெயின், ரத்த ஓட்டம் கம்மி. பிரஷர் எறங்கிப் போனவங்களுக்கு ஓட்டற நார்அட்ரினலின் மாதிரி மருந்து கைல லேசா வெளிய கசிஞ்சாலே அந்த எடத்துச் சதை கருகிப் போயிரும். அடர்த்தியான பொட்டாசியம், ரத்தம் வழியா குடுக்கற முழுச் சத்துக் கரைசல், சில கேன்சர் மருந்துங்க எல்லாமே சின்ன வெயின அரிச்சிரும். கழுத்து வழியா டியூபோட நுனிய இதயத்துக்கு மேல இருக்கற பெரிய வெயின்ல கொண்டு போய் வச்சா, மருந்து எறங்குன நொடியே பெருவெள்ளத்துல கலந்திரும். அதே டியூப்ல ரெண்டு மூணு வழி இருக்கறதால ஒண்ணோட ஒண்ணு ஒத்துக்காத மருந்துங்கள தனித்தனியா ஓட்டலாம். அவசர பேஸ்மேக்கர் கம்பிய எறக்கணும்னாலும் இந்த வழி தான் சுலபம்.

வெயின் வழியா இதயத்துக்கு டியூப் போகலாம்னு மொதல்ல காட்டுனவரு ஜெர்மனில எபர்ஸ்வால்டங்கற ஊர்ல இருந்த வெர்னர் ஃபோர்ஸ்மன், 1929ல தன்னோட கை வெயின்லயே டியூப விட்டுக்கிட்டு, அப்படியே எக்ஸ்ரே ரூமுக்கு நடந்து போய் படம் எடுத்தாரு. அப்ப எல்லாரும் திட்டுனாங்க, 1956ல நோபல் பரிசு குடுத்தாங்க. இப்ப பண்ற முறை ஸ்வீடன் டாக்டர் செல்டிங்கர் 1953ல சொன்னது, ஊசியக் குத்தி, ஊசிக்குள்ள மெல்லிசா வளையற கம்பிய விட்டு, ஊசிய உருவிட்டு, கம்பி மேலயே டியூப ஏத்தி, கம்பிய எடுத்தர்றது. இதுல பொன் விதி ஒண்ணு, கம்பிய கைய விட்டு விடவே கூடாது, விட்டா உள்ள போயிரும்.

முன்னெல்லாம் அந்த முக்கோணப் பள்ளத்தத் தடவிப் பாத்து, கரோட்டிட் மேல ஒரு விரல வச்சுக்கிட்டு கைக்கணக்குல குத்துவாங்க, நல்ல கை இருந்தா சரியா விழும். ஆனா சிலருக்கு வெயின் ஆர்ட்டரிக்கு மேலயே படுத்திருக்கும், சிலருக்கு சிறுத்திருக்கும், அதக் கை எப்படிக் கண்டுபுடிக்கும்? அல்ட்ராசவுண்டு வச்சா ரெண்டும் கருப்பு வட்டமா தெரியும், லேசா அழுத்துனா வெயின் அமுங்கிரும், ஆர்ட்டரி அமுங்காம துடிக்கும், அவ்வளவு தான் பரீட்சை. இங்கிலாந்துல டாக்டருங்களுக்கு வழிகாட்டுதல் எழுதற நைஸ் அமைப்பு 2002லயே இதை வச்சுப் போடறது தான் நல்ல முறைன்னு சொல்லிருச்சு. எங்க போட்டாலும் "ஸ்கேன் பாத்துத் தான போடறீங்க சார்"னு கேக்கறதுல ஒரு தப்பும் இல்லைங்க. போட்டு முடிச்சதும் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பாங்க, டியூப் நுனி சரியான எடத்துல இருக்குதா, நுரையீரல்ல பட்டு காத்து கசிஞ்சிருக்குதான்னு பாக்கறதுக்கு.

போடும்போது தலைய கீழ, கால மேல பண்ணி கட்டில சாய்க்கறது எதுக்குன்னு இப்ப புரிஞ்சிருக்கும், வெயின் விரியும், குத்த வசதி. அத விட முக்கியம் காத்து. நிமிந்து உக்காந்திருக்கறப்ப மூச்ச இழுத்தா நெஞ்சுக்குள்ள அழுத்தம் எறங்கி கழுத்து வெயின்ல உறிஞ்சற இழுப்பு உண்டாகும், அப்ப வெளிக்காத்துக்கு ஒரு ஓட்டை கெடைச்சா போதும், தடுக்க ஆளில்லை, நேரா இதயம். 14 கேஜ்ங்கற தடிச்ச ஊசி அளவு ஓட்டைல, 5 செ.மீ. தண்ணி அளவு அழுத்த வித்தியாசம் இருந்தாலே நொடிக்கு சுமாரா 100 மில்லி காத்து உள்ள போகும்னு கணக்கு சொல்றாங்க.

டயாலிசிஸ் ஆளுங்களுக்கு இந்தக் கழுத்து தான் நெம்ப பழக்கம். மெஷினுக்கு நிமிஷத்துக்கு 250, 350 மில்லி ரத்தம் போய் வரணும், கை வெயின் அதுக்குத் தாங்காது. அவசரத்துக்கு கழுத்துல டியூப், கொஞ்ச மாசம் ஓட்டணும்னா தோலுக்கு அடில சுரங்கமா இழுத்து நெஞ்சுல வெளிய எடுக்கற பர்ம்கேத். ஆனா இதெல்லாம் தற்காலிகம் தாங்க, நெரந்தர வழி கைல ஆர்ட்டரியயும் வெயினயும் சேத்துத் தைக்கற ஃபிஸ்டுலா, நியூயார்க் டாக்டருங்க 1966ல எழுதுனது, இன்னைக்கும் அதுக்கு மிஞ்சி ஒண்ணு வரலை. தச்ச வெயின் தடிச்சு மெஷினுக்குத் தயாராக ஆறேழு வாரம், சில சமயம் இன்னும் எச்சா ஆகும். நம்ம ஜனங்க "டயாலிசிஸே வேண்டாம்னு இருக்கோம், அதுக்குள்ள கை ஆபரேஷன் எதுக்குங்க"ன்னு தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, கடைசில மூச்சுத் திணறி ராத்திரில வந்து கழுத்துல டியூப் போட்டுக்கறாங்க, அந்த டியூப்ல கிருமி ஏறி காய்ச்சல், நடுக்கம், டியூப மாத்து, மறுபக்கம் போடு, அப்படியே கழுத்து வெயின் ரெண்டும் சுருங்கிப் போயிரும். கிட்னி டாக்டர் ஃபிஸ்டுலா போடச் சொன்னா அப்பவே போட்டுக்கறது தான் புத்திசாலித்தனம், போட்ட கைல ஊசியும் பிபியும் வேண்டாம்.

டியூப் இல்லாமயும் இங்க ரத்தம் கட்டறதுண்டு. 1936ல பாரிஸ் டாக்டர் ஆந்த்ரே லெமியேர் 20 பேரப் பத்தி எழுதுனாரு, நல்லா இருந்த இளவயசுக்காரங்க, தொண்டை வலின்னு ஆரம்பிச்சு, ஒரு வாரத்துல கழுத்து ஒரு பக்கம் வீங்கி, குளிர் ஜுரம், நெஞ்சு வலி, 18 பேரு எறந்துட்டாங்க. தொண்டைல இருந்த கிருமி பக்கத்துல ஓடற உள் ஜுகுலர்ல ஏறி சீழ்க்கட்டியா மாறி நுரையீரலுக்குத் தெறிச்சிருக்குது. ஆன்டிபயாடிக் வந்ததுக்கப்புறம் அபூர்வமாயிருச்சு, ஆனா தொண்டை வலி தேறாம, கழுத்து ஒரு பக்கம் மட்டும் வலிச்சு, நடுக்கத்தோட காய்ச்சல் வந்தா மெடிக்கல்ல மாத்திரை வாங்கி முழுங்கிக்கிட்டு இருக்கக் கூடாது. பிரசவத்துக்கப்புறமும் ஒண்ணு, மூளை சைனஸ்ல ரத்தம் கட்டி சில சமயம் கழுத்து வெயின் வரைக்கும் எறங்கிரும், விடாத தலைவலி, வாந்தி, வலிப்புன்னு வரும். அம்முச்சிங்க "புள்ள பெத்தவளுக்குத் தண்ணி எச்சா குடுக்காதீங்க, வயிறு பெருத்துரும்"பாங்க, பாசத்துல சொல்றது தான், ஆனா ஒடம்புல தண்ணி வத்துனா ரத்தம் கட்டற வாய்ப்பு ஏறும், தாராளமா குடிக்க விடுங்க.

வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன்லயும் இந்த வெயின் பேரு அடிபடும். புகையிலை போட்டு கன்னத்துல, நாக்குல கேன்சர் வந்தா மொதல்ல பரவற நெறிக்கட்டிங்க பெரும்பாலும் இந்த வெயின ஒட்டியே வரிசையா இருக்கும். அதனால 1906ல ஜார்ஜ் க்ரைல்ங்கற அமெரிக்க சர்ஜன் வெயின், தசை, தோளுக்குப் போற நரம்பு எல்லாத்தயும் நெறிக்கட்டியோட சேத்து எடுக்கற ஆபரேஷனக் கொண்டு வந்தாரு. ஒரு பக்க வெயின எடுத்தா இன்னொரு பக்கம் ஈடு கட்டிரும். ரெண்டயும் ஒரே நேரத்துல எடுத்தா மூஞ்சி ஊதி, மூளை அழுத்தம் ஏறிரும். பின்னால அர்ஜென்டினால சுவாரஸ், இத்தாலில பொக்கான்னு சர்ஜன்கள் நெறிக்கட்டிய மட்டும் எடுத்துட்டு வெயினயும் நரம்பயும் காப்பாத்தற முறையக் கொண்டு வந்தாங்க, கேன்சர் அதுங்க மேல ஏறலைன்னா இப்ப பெரும்பாலும் அது தான் நடக்குது.

கொழந்தைங்க கத்தும்போதோ அழும்போதோ கழுத்துல ஒரு பக்கம் முட்டையளவு பொங்கி, நிறுத்துனா அமுங்கிருச்சுன்னா பெத்தவங்க பயந்துருவாங்க. பல சமயம் அது இந்த வெயின் விரியறது தான், ஒரு அல்ட்ராசவுண்டு போதும், ஊசி குத்திப் பாக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் மருந்தும் வேண்டாம்.

கடைசியா, லைன் இருக்கற வரைக்கும் கூட இருக்கறவங்க கவனிக்கறதுக்குன்னு சிலது இருக்குது. பிளாஸ்திரி நனைஞ்சாலோ ஓரம் கெளம்பினாலோ சிஸ்டர்கிட்ட உடனே சொல்லுங்க. டியூப் முனைல இருக்கற மூடிய யாரும் தொறக்கக் கூடாது, காத்து போறதும் கிருமி போறதும் அது வழியாத் தான். குளிர் ஜுரம் வந்தா லைனச் சந்தேகப்படணும். தேவை முடிஞ்சா "இன்னும் எத்தனை நாளைக்கு வேணுமுங்க"ன்னு தெனமும் கேளுங்க, வேண்டாத லைன் ஒரு நாள் கூட இருக்க வேண்டியதில்லை. எடுக்கும்போது உக்கார வச்சு எடுக்க மாட்டாங்க, படுக்க வச்சு, மூச்சப் புடிச்சுக்கச் சொல்லி, உருவுன உடனே அஞ்சு நிமிஷமாச்சும் அழுத்திப் புடிச்சு, காத்துப் போகாத பிளாஸ்திரி ஒட்டுவாங்க. ஒட்டுனதும் "வாங்க, வீட்டுக்குப் போலாம்"னு உடனே எந்திரிக்க வச்சிராதீங்க, அரை மணி நேரமாச்சும் படுத்திருக்கட்டும், அந்தப் பிளாஸ்திரிய ஒரு நாள் கழிச்சுப் பிரிச்சாப் போதும்.